வட இந்தியக் குளிரும் உழைப்பவரின் உடல் ஆற்றலும்

வட இந்தியச் சமவெளியில் குளிர்காலம் மனித உடலின் வரவு செலவுக் கணக்கையே மாற்றிவிடுகிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தில்லியில் சூரியன் காலை 7 மணி 10 நிமிட அளவில் உதித்து, மாலை 5.30 மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 14 மணி நேரம் நீடித்த பகல், இப்போது 10 மணி 20 நிமிடமாகச் சுருங்குகிறது. காலையில் எழ மனம் வராமை, காரணம் தெரியாத அயர்வு, பசி மிகுதி ஆகியவை இந்நாட்களில் பலருக்கும் ஏற்படுவது இயல்பு. தெற்கிலிருந்து மாற்றலாகி வரும் அலுவலர் முதலாண்டில் இதைத் தமது சோம்பல் என்றே எண்ணிக் கொள்வார். மருந்துக் கடையில் டானிக் புட்டி ஒன்றையும் வாங்கி வைப்பார்.

அலுவலருக்கு இது ஒரு வசதிக் குறைவு மட்டுமே. அதிகாலையில் தெருமுனையில் கூலி வேலைக்காகக் காத்து நிற்கும் கட்டடத் தொழிலாளிக்கும், மூடுபனியில் ரிக்‌ஷா மிதிப்பவருக்கும் இது அன்றைய கூலியைப் பற்றிய கேள்வியாகும். உணவுக்கும் உழைப்புத் திறனுக்கும் உள்ள தொடர்பைப் பொருளியல் மாணவர்கள் பாடமாகவே படிக்கின்றனர். ஹார்வி லைபென்ஸ்டைன் 1957-ல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை முன்வைத்தார். பார்த்தா தாஸ்குப்தாவும் தேவ்ராஜ் ரேயும் 1986-ல் அதனை மேலும் விரித்துரைத்தனர். குறைவாக உண்பவர் குறைவாகவே உழைக்க இயலும். குறைவாக உழைப்பவருக்குக் கூலி குறையும், அல்லது வேலையே கிட்டாது. கூலி குறைந்தால் மீண்டும் உணவு குறையும். இந்த வளையத்தைக் குளிர்காலம் மேலும் இறுக்குகிறது. உண்ட உணவில் ஒரு பங்கை, வேலை தொடங்குமுன்னரே, உடலைச் சூடாக வைத்திருக்கும் செலவு எடுத்துக்கொள்ளக் கூடும்.

ஆகவே குளிர்காலத்தில் ஆற்றலைக் காத்துக் கொள்வது பற்றிப் பேசும்போது, எளிதில் கிடைப்பவை எவை, அவை தேவைப்படுவோர் கைக்கு எட்டுகின்றனவா என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வெப்பத்தின் கணக்கு

சமவெளிகளில் ஓரிடத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் இறங்கி, வழக்கமான அளவைக் காட்டிலும் 4.5 டிகிரியோ அதற்கு மேலோ குறைந்தால், அதனை இந்திய வானிலைத் துறை 'குளிர் அலை' என அறிவிக்கிறது. வெப்பநிலை 4 டிகிரியைத் தொட்டுவிட்டால் வேறு ஒப்பீடு எதுவும் தேவையில்லை. மனித உடலோ எந்நாளும் ஏறத்தாழ 37 டிகிரியில் இருந்தாக வேண்டும். போதிய உடையின்றிக் குளிரில் நிற்பவர் உடல் நடுங்கத் தொடங்குகிறது. நடுக்கம் என்பது தசைகள் வெப்பம் உண்டாக்குவதற்காகத் தாமே செய்யும் வேலை. ஓய்வு நிலையில் ஆகும் ஆற்றல் செலவைப் போல் அது பல மடங்காகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையெனில் நாளொன்றுக்கு 2,110 கலோரியும், கடும் உழைப்பெனில் 3,470 கலோரியும் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவ்வளவுகள் முறையே 1,660, 2,720 ஆகும். மூட்டை தூக்குபவரோ கல் உடைப்பவரோ நடுங்கியே ஓர் இரவைக் கழித்தால், அந்தச் செலவு இதற்கு மேல் சேரும்.

இந்நோக்கில், ஒரு கம்பளிப் போர்வையை உணவுச் சேமிப்பு என்றே கருதலாம். தடித்த ஒற்றை உடையைக் காட்டிலும் மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது மேலானது. துணிகளுக்கிடையே தங்கும் காற்று வெப்பத்தை வெளியே விடாது. வியர்வையில் நனைந்த உள்ளாடையை வேலை முடிந்தவுடன் மாற்றிவிட வேண்டும். ஈரத் துணி உடல் வெப்பத்தை வெகு விரைவாக இழக்கச் செய்யும். காதையும் தலையையும் மூடிக்கொள்ளுமாறு வீட்டு முதியவர்கள் சொல்வது முற்றிலும் சரி. குளிருக்கு மது நல்லது என்ற நம்பிக்கையோ முற்றிலும் தவறு. மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் கதகதப்பு தோன்றுகிறதே தவிர, உடல் தன் உள்வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது.

பருவமே தரும் உணவு

குளிருக்குத் தேவையான பொருள்கள் பெரும்பாலும் குளிர் தொடங்கும் வேளையிலேயே அறுவடையாகிச் சந்தைக்கு வருகின்றன. மழைக்காலத்தில் விதைத்த கம்பு, எள், நிலக்கடலை ஆகியன தீபாவளியை ஒட்டி வீடு வந்து சேர்கின்றன. கரும்பு ஆலைகளில் புது வெல்லம் காய்ச்சப்படுகிறது. கடுகு வயல்களில் இளங்கீரை கிடைக்கிறது. நெல்லியும் கொய்யாவும் மலிகின்றன. பஞ்சாபில் லோஹ்ரியன்று நெருப்பைச் சுற்றி நிலக்கடலையும் ரேவடியும் பகிர்ந்துண்பதும், மகாராஷ்டிரத்தில் மகர சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் கலந்த உருண்டையைக் கைமாற்றிக் கொள்வதும், வங்கத்தில் புதுப் பேரீச்ச வெல்லத்தில் பிட்டா செய்வதும் இந்த வரத்தை ஒட்டி எழுந்த வழக்கங்களே.

கம்பைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ராஜஸ்தான், குஜராத், ஹரியானா மாநிலங்களில் கம்பு ரொட்டி குளிர்கால உணவாகும். அது 'சூடு' என்றும், கோடையில் ஆகாது என்றும் அங்குள்ளோர் கூறுவர். தமிழ்நாட்டிலோ அதே கம்பைக் கூழாக்கி, நீரில் ஊறவைத்து, மோர் கலந்து, கோடையில் குளிர்ச்சிக்காக அருந்துகின்றனர். ஒரே தானியம் இங்கே குளிர்ச்சியாகவும் அங்கே சூடாகவும் இருப்பது எப்படி? ராஜஸ்தானிலேயே கம்பு மாவை மோரில் காய்ச்சி ஆறவைத்த ராப்ரியைக் கோடையில் குடிப்பதைக் கண்டால் விடை தெளிவாகும். சூடும் குளிர்ச்சியும் தானியத்தைக் காட்டிலும் அதைச் சமைக்கும் முறையிலும், உடன் சேரும் பொருளிலுமே உள்ளன. கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு நெய்யும் வெல்லமும் வைத்துத் தின்னும் ரொட்டி குறைந்த அளவில் மிகுந்த கலோரி தருகிறது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும், மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும் தருவன. கூழிலோ பெரும்பகுதி நீர்.

கம்பின் சிறப்பு கலோரியோடு முடிவதன்று. 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து உண்டு; தீட்டிய அரிசியில் அது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. நமது நாட்டில் இது சிறிய வேறுபாடன்று. 2019-21-ல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேரும், ஆண்களில் 25 சதவீதம் பேரும் இரத்த சோகை உள்ளவர்கள். தசைகளுக்குப் பிராணவாயுவைக் கொண்டு செல்லும் ஹீமோகுளோபின் குறைந்தால் உழைக்கும் திறனும் குறையும், குளிரைத் தாங்கும் திறனும் குறையும். அடுப்பைக் காலையில் முதலில் மூட்டுபவளும், இரவில் கடைசியாக உண்பவளும் பெண்ணே. குளிர்கால அயர்வு என்று வீட்டில் தள்ளிவிடப்படும் பெண்ணின் களைப்பு, பல வேளைகளில் ஆண்டு முழுவதும் உள்ள இரத்த சோகையாகவே இருக்கும். அதற்கு மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்து கொள்வதே முறை. உணவு துணை நிற்குமேயன்றி மருந்துக்கு ஈடாகாது.

தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் வைட்டமின் 'சி' சேர்ந்தால் நன்கு ஏற்கும். 100 கிராம் நெல்லியில் 250 மில்லிகிராம் அளவிலும், கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேலும் வைட்டமின் 'சி' உள்ளது. ஆணின் ஒருநாள் தேவையோ 80 மில்லிகிராம்தான். ஆகவே ரொட்டியோடும் கீரையோடும் ஒரு கொய்யாத் துண்டோ சிறிது எலுமிச்சைச் சாறோ சேர்ப்பது பயனுள்ளது. தேநீர் இதற்கு நேர்மாறானது. அதிலுள்ள டானின் இரும்புச்சத்தைக் கட்டிவிடும். குளிரில் தேநீரை விடச் சொன்னால் கேட்பார் யாருமிலர். உணவுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணி நேரம் விடலாம் என்று சொல்லலாம். தாகம் குளிரில் குறைவாகவே தோன்றும் என்பதால் வெந்நீரையும் மறவாமல் பருக வேண்டும்.

எள் கலோரியும் கால்சியமும் மிகுந்தது. நிலக்கடலை 100 கிராமில் 520 கலோரியும், ஏறத்தாழ கால் பங்கு புரதமும் உண்டு. வெல்லத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். அதனை இரும்புச்சத்தின் சுரங்கம் எனப் புகழ்வது வழக்கம். நாம் உண்ணும் சிறு அளவில் அது தரும் இரும்பு அற்பமே. வெல்லம் விரைந்து ஆற்றல் தரும் இனிப்பு. அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரையும் அதுவும் ஒன்றே.

இக்கணக்கில் சேராத ஒரு பொருளும் உண்டு. கோதுமை வயல்களில் களையாக முளைக்கும் 'பதுவா', நம் சக்கரவர்த்திக் கீரைதான். பெண்கள் களையெடுக்கும்போதே பறித்து மடியில் கட்டி வந்து, பருப்போடும் மாவோடும் பிசைந்து சமைப்பர். விலை இல்லாததால் எந்தப் புள்ளிவிவரத்திலும் அது உற்பத்தியாக இடம்பெறுவதில்லை. கூலிச் செலவை மிச்சப்படுத்தக் களைக்கொல்லி தெளிக்கும் வயலில் பதுவா இல்லாமல் போகிறது. அந்த இழப்பும் எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை. கோதுமை மகசூல் கூடுவது மட்டும் பதிவாகிறது. மகசூல் வேண்டாம் என்பதன்று; வரவை எழுதும் ஏட்டில் செலவையும் எழுதுவது நம் போன்றோர் கடமை.

கம்பு ஏன் நகரத்தை எட்டவில்லை?

கோதுமையும் அரிசியும் பசுமைப் புரட்சிக்குப் பின்னர் பாசன நிலத்தையும் அரசுக் கொள்முதலையும் பெற்றன. கம்பு மானாவாரி நிலத்திலேயே நின்றுவிட்டது. இது பலரும் அறிந்த காரணம். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. கம்பு மாவில் கொழுப்பு மிகுதி. அரைத்தவுடன் நொதிகள் அதைச் சிதைக்கத் தொடங்குவதால் சில நாட்களிலேயே மாவு கசக்கிறது. கிராமத்து வீட்டில் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரைத்துக் கொள்ளலாம். நகரத்தில் ஒற்றை அறையில் நால்வராகத் தங்கி, கடையில் மாவு வாங்கிச் சமைக்கும் இடம்பெயர்ந்த தொழிலாளிக்கு அது இயலாது. கடைக்காரரும் விரைவில் கெடும் சரக்கை அடுக்கி வைக்க விரும்புவதில்லை. இவ்வாறாக, கம்பு விளையும் மாவட்டத்தில் பிறந்தவரே நகரத்துக்கு வந்தபின் குளிர்காலம் முழுவதும் அதை உண்ணாமல் இருக்கிறார்.

2018-ஐ இந்தியா தேசியச் சிறுதானிய ஆண்டாகவும், 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடின. விழாக்களைக் காட்டிலும் உறுதியான நடவடிக்கை ஒன்று 2018-லேயே எடுக்கப்பட்டது. புதிய கம்பு ரகங்கள் வெளியிடப்பட வேண்டுமெனில் அவற்றில் குறைந்தது பத்து லட்சத்தில் 42 பங்கு இரும்பும், 32 பங்கு துத்தநாகமும் இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. விளைச்சலோடு ஊட்டச்சத்தையும் ரகத்தின் தகுதியாக்கிய இவ்விதி பாராட்டத்தக்கது.

பொது விநியோகத்தைப் பொறுத்தவரை, 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறும் உரிமையை வழங்குகிறது. 2023 ஜனவரி முதல் இது விலையின்றித் தரப்படுகிறது. 2024 ஜனவரி முதல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு இது நீட்டிக்கப்பட்டது. நாட்டின் எந்த நியாயவிலைக் கடையிலும் பங்கைப் பெறும் வசதி 2022 ஜூனில் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 5 கிலோ என்பது நாளொன்றுக்கு 167 கிராம். ஏறத்தாழ 570 கலோரி. கடும் உழைப்பாளியின் தேவையில் இது ஆறில் ஒரு பங்கு. எஞ்சியதைக் கூலியிலிருந்தே அவர் வாங்க வேண்டும். 50 கிராம் நிலக்கடலையும் 25 கிராம் வெல்லமும் சேர்ந்தால் 350 கலோரி கிடைக்கும். தள்ளுவண்டிகளில் விற்கும் கடலை மிட்டாய் இவ்வகையில் தொழிலாளிக்கு மிகவும் சிக்கனமான குளிர்கால உணவாகும்.

சட்டத்தில் சிறுதானியத்திற்கும் இடமுண்டு. ஹரியானாவில் குளிர் மாதங்களில் கோதுமையின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கம்பு வழங்கப்பட்டதுண்டு. மாவாகத் தராமல் தானியமாகத் தந்தால் கெடும் சிக்கல் இல்லை. ஆனால் அது நவம்பரிலேயே கடைக்கு வந்துவிட வேண்டும். அருகில் அரைவை இயந்திரமும் இருக்க வேண்டும். குளிர் போனபின் வந்து சேரும் கம்பை அங்கே யாரும் விரும்பி வாங்கமாட்டார்கள். கொள்முதல் அட்டவணை வகுக்கும் அலுவலர்கள் பருவத்தையும் ஓர் அளவுகோலாகக் கொள்வது நலம்.

வெயில் என்னும் செலவில்லாச் சொத்து

சூரிய ஒளி இரண்டு விதங்களில் ஆற்றலுக்கு உதவுகிறது. காலை ஒளி கண்ணில் படும்போது உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் உடற்கடிகாரம் சீராகிறது. பகல் அயர்வு குறைகிறது. தோலில் படும் புற ஊதாக் கதிர் வைட்டமின் 'டி'யை உண்டாக்குகிறது. எலும்பும் தசையும் வலுப்பெற அது வேண்டும். இரண்டாவது பயனுக்குச் சூரியன் உயரத்தில் இருக்க வேண்டும். தம் நிழல் தம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும்போது படும் வெயிலே இதற்கு உகந்தது என்பது எளிய விதி. தில்லியில் நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை, நடுப்பகலில்கூட நிழல் ஆளைவிட நீண்டே இருக்கிறது. டிசம்பர் 21-ல் அது உயரத்தைப் போல் ஒன்றே கால் மடங்கு. சென்னையில் அதே நாளில் அது முக்கால் மடங்குதான். எனவே வட இந்தியக் குளிரில் காலை எட்டு மணி வெயிலும் மாலை வெயிலும் வைட்டமின் 'டி'க்குப் பெரிதும் உதவா. 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையே, முகமும் கைகால்களும் திறந்திருக்க, சற்றுக் கூடுதலான நேரம் இருக்க வேண்டும். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் இதமானதே ஆயினும், தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. புகைமூட்டமும் அதைக் குறைக்கும்.

தில்லியில் மதிய இடைவேளையில் அலுவலகப் புல்வெளியில் அமர்ந்து கடலை உரித்துக்கொண்டும், கின்னோ ஆரஞ்சு தின்றுகொண்டும் இருக்கும் அரசு ஊழியர்களைக் கேலி செய்து எழுதாத பத்திரிகை இல்லை. உரிய நேரத்தில் உரிய உணவோடு வெயில் காயும் அவர்கள், ஊட்டச்சத்து நூலின் அறிவுரையைத் தெரிந்தோ தெரியாமலோ பின்பற்றுபவர்கள் என்றே கூற வேண்டும். இடைவேளை முடிந்ததும் கோப்புகளுக்குத் திரும்பிவிட்டால் குறை சொல்ல ஏதுமில்லை.

நடைப்பயிற்சிக்கும் இதே நேரம் ஏற்றது. அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருப்பதால் தூசும் புகையும் மேலெழ வழியின்றித் தங்குகின்றன. வெயில் ஏறிய பின்னரே காற்று ஓரளவு தெளிகிறது. குளிரில் இரத்த அழுத்தமும் உயர்வதால், முதியவர்களும் இதய நோயாளிகளும் விடியற்காலை நடையைக் குளிர் மாதங்களில் தவிர்ப்பதே நல்லது.

இரவு

பகலில் சேர்த்த ஆற்றலை இரவு இழந்துவிடாமல் காப்பது உறக்கம். சமவெளி வீடுகள் பெரும்பாலும் கோடையைக் கருதிக் கட்டப்பட்டவை. வெப்பத்தை வெளியேற்றுவதே அவற்றின் இயல்பு. லடாக்கில் அவ்வாறன்று. அங்கே தெற்கு நோக்கிய சுவரை இருண்ட நிறமாக்கி, அதன் முன் கண்ணாடி பொருத்தி, பகல் வெயிலைச் சுவரிலேயே சேமித்து இரவில் அறையைக் கதகதப்பாக்கும் கட்டடங்கள் உள்ளன. சமவெளியில் அவ்வளவு வேண்டியதில்லை. தெற்குச் சன்னலைப் பகலில் திறந்து மாலையில் மூடுவதும், படுக்கையை வெயிலில் உலர்த்தி எடுப்பதும், தரைக்கும் பாய்க்குமிடையே வைக்கோலோ சாக்கோ விரிப்பதும் பயன்தரும்.

வசதியற்றோர் நாடுவது கரியடுப்பையே. 'அங்கீட்டி' எனப்படும் கணப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்கி, விடியலில் எழாதவர்களைப் பற்றிய செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. கரி முழுமையாக எரியாதபோது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் தோன்றும்போது உறங்குபவர் அதை உணர்வதில்லை. கணப்பைத் திறந்த வெளியிலோ, காற்று வந்து போகும் தாழ்வாரத்திலோ மட்டுமே வைக்க வேண்டும். படுக்கப் போகுமுன் அதை வெளியே எடுத்து அணைத்துவிட வேண்டும். கல்வியறிவு உள்ள குடும்பங்களிலும் இவ்விபத்து நேர்வதால், பள்ளி மாணவர்களுக்கு நவம்பர் மாதத்திலேயே இதைச் சொல்லித் தருவது உயிர் காக்கும்.

கூரையே இல்லாதவர்க்கு இவ்வறிவுரைகள் எதுவும் பொருந்தா. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறை, ஒரு லட்சம் நகர மக்களுக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிலையான இரவு விடுதி இருக்க வேண்டும் என்றது. குளிர் மாதங்களில் தற்காலிகக் கூடாரங்களும் எழுகின்றன. ஆனால் ரிக்‌ஷாக்காரர் தம் வண்டியை விட்டுவிட்டு விடுதிக்குச் செல்ல மாட்டார். வண்டி காணாமற் போனால் வாடகைக்கு விட்ட முதலாளிக்கு அவர்தான் ஈடு செய்ய வேண்டும். சுமைக்கூலி, சந்தை திறக்கும் இடத்தை விட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் படுத்தால் விடியற்காலை முதல் சரக்கை இழப்பார். விடுதியில் இடம் காலியாக இருக்க, அருகிலுள்ள நடைபாதையில் ஆட்கள் படுத்திருப்பதற்கு இவையும் காரணம். சந்தைக்கும் ரயில் நிலையத்துக்கும் அருகே, வண்டியைப் பூட்டி வைக்க இடத்தோடு, மூட்டை முடிச்சுக்கு ஒரு பெட்டியோடு அமையும் விடுதிக்கு ஆட்கள் தாமாகவே வருவர். அதற்கான நிலத்தை மாநகராட்சி அக்டோபருக்கு முன்னரே ஒதுக்கியாக வேண்டும். டிசம்பரில் கோப்பு எழுந்தால் கூடாரம் நிற்பது பிப்ரவரியில்.